நாச்சிமுத்துவின் பிக்கப் மலையேறிய வைபவம்

ஊசிப்பாளையத்தில் அறிவாளிகளுக்குப் பஞ்சமே கிடையாது. ஒரே ஒரு பிக்கப் வண்டியைச் சுற்றி நாங்களே நாலு பேர் இருந்தோம். வண்டிக்குச் சொந்தக்காரன் நாச்சிமுத்து. அதை ஓட்டுபவர் அவனுடைய தாய்மாமன் பொங்கியண்ணன். அது ஏன் ஓடவில்லை என்று யோசிப்பவன் வேலப்பன். நாலாவது ஆள் நான். பத்தாம் வகுப்பை மூன்று தடவை படித்தவன் என்பதால் என் படிப்புக்கு ஊரில் தனி மரியாதை. எந்தக் காரியத்திலும் கடைசி வார்த்தை என்னுடையதாகத்தான் இருக்கும். நடந்ததெல்லாம் அப்படி நடந்ததற்குக் காரணமும் அதுதான்.

நாச்சிமுத்துவுக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. பார்க்காத பெண் இல்லை, ஏறாத வாசல் இல்லை. எங்கே போனாலும் டிபன் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்ததுதான் மிச்சம். கடைசியில் மலைமேல் தேன்பாறையில் ஒரு பெண் அமைந்தாள். பெயர் கோகிலவாணி. நடந்தே மலையேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்தவன், "இந்தப் பொண்ணு இல்லீன்னா இனி நான் பொண்ணே பார்க்கறதில்லை" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். எங்களுக்கும் அழுகை வந்தது. நாலு பேரும் கொஞ்ச நேரம் அழுதோம்.

பெண்ணைப் பெற்ற மாரண்ணன் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டிருந்தார்.

"என்ற பொண்ணு வெவரம் தெரிஞ்ச நாள்ல இருந்து அரிசி மூட்டை, கேஸ் சிலிண்டர், ஆட்டுத் தீவனம்னு எல்லாத்தையும் தலையில வச்சு இந்த மலையை ஏறிக்கிட்டிருக்கறா. கட்டிக்கிட்டுப் போற எடத்துலயும் சுமக்கோணுமா? ஆவணி முதல் முகூர்த்தத்துக்குள்ள என்ற வாசல்ல வண்டி வந்து நிக்கோணும். வந்தா பொண்ணு. வரலீன்னா நீங்களும் வராதீங்க."

தேன்பாறைக்கு ரோடு கிடையாது. ஒரு காட்டுத்தடம் உண்டு. எங்கள் பிக்கப்போ இருபது வருஷம் தக்காளி ஏற்றிக் களைத்துப்போன வண்டி. சமதரையிலேயே பின்னால் ரெண்டு பேர் நின்று தள்ளினால்தான் அதற்குப் புறப்பட மனசு வரும்.

டவுனில் பட்டறை வைத்திருக்கும் ஜெயசீலனிடம் கொண்டுபோனோம். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். எங்களையும் ஒரு சுற்று சுற்றி வந்தார். பிறகு ஒரே மூச்சில் சொன்னார்.

"வண்டியை ஒரு அடி உசத்தோணும். வேண்டாத பாரத்தையெல்லாம் கழட்டிப் போடுங்க. நடுவுல ஓடை வருது, எஞ்சினுக்கு மூச்சுக்குழாயைக் கூரைக்கு மேல தூக்கி வைங்க. தடம் ஆரம்பிச்சதும் டயர்ல பாதிக் காத்தை இறக்கிருங்க. மேல போய் அடிச்சுக்கலாம். எங்கயாச்சும் மாட்டிக்கிட்டா வின்ச் கயித்தை நல்ல மரமாப் பார்த்துக் கட்டி இழுங்க. அவ்வளவுதான்."

சொல்லிவிட்டு, அவசரமாக வெளியூர் போக வேண்டியிருக்கிறது என்று பட்டறையைப் பூட்டிவிட்டார். நாங்கள் திரும்பி வந்துவிடுவோம் என்ற பயத்தில்தான் பூட்டினார் என்பது எனக்கு இப்போதுதான் தோன்றுகிறது.

இங்கே எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஒரு வேலையில் யாருக்குச் சந்தேகம் வருகிறதோ, அந்த வேலையை அவரே தனியாளாகச் செய்து முடிக்க வேண்டும். எந்தக் காலத்திலோ யாரோ வைத்த ஏற்பாடு. அதனால் ஊசிப்பாளையத்தில் யாருக்கும் சந்தேகமே வருவதில்லை. தப்பித் தவறி வந்தாலும் காய்ச்சல் வந்த மாதிரி போர்த்திப் படுத்துப் போக்கிக்கொள்வோம்.

முதல் வேலை வண்டியை உயர்த்துவது. நாச்சிமுத்து வீட்டு வாசலில் செங்கல் அடுக்கி, சிமெண்டு பூசி, தண்ணீர் ஊற்றி ஊறவைத்து, அருமையான மேடை ஒன்று கட்டினோம். பலகை சாய்த்து வண்டியை அதன்மேல் தள்ளி நிறுத்தித் தேங்காய் உடைத்தோம். பொங்கியண்ணன் டேப் பிடித்து அளந்தார்.

"ஒரு அடி. நூல் பிசகலை" என்றார்.

ஊரே வந்து அண்ணாந்து பார்த்தது. அப்போதுதான் வேலப்பன் வாயைத் திறந்தான்.

"ஏப்பா, இந்த மேடையை எப்படி மலைக்குக் கொண்டு போறது?"

எல்லோரும் அவனைத் திரும்பிப் பார்த்தோம். சந்தேகம் கேட்டுவிட்டான். வழக்கப்படி மேடையை அவன்தான் தனியாகத் தூக்கிக்கொண்டு வர வேண்டும். அவன் முகம் வெளிறிப்போனது. சின்ன வயதிலிருந்து கூடப் படித்தவன் ஆயிற்றே என்று எனக்கு மனசு கேட்கவில்லை. படித்த படிப்பையெல்லாம் திரட்டி யோசித்தேன்.

"மேடை எதுக்கு? தேன்பாறை நம்மூரை விட ஒசரம். அங்க போய்ச் சேர்ந்தா வண்டி தானா உசந்துரும். ஒரு அடி என்ன, ஆயிரம் அடி உசந்துரும்."

"படிச்சவன் படிச்சவன்தான்" என்றார் பொங்கியண்ணன். வேலப்பன் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். வண்டியை மேடையிலிருந்து இறக்கும்போது பின்பக்கக் கதவு கழன்று விழுந்தது. பாரத்தைக் குறைக்கும் வேலை தானாகவே தொடங்கிவிட்டது என்று சந்தோஷப்பட்டோம்.

வேண்டாத பாரம் எது என்பதில்தான் பெரிய விவாதம் நடந்தது.

"போறது பகல்ல. அதனால லைட்டு வேண்டாம்" என்றான் வேலப்பன். கழற்றினோம்.

"முன்னால போறவனுக்குப் பின்னால பார்க்கற கண்ணாடி எதுக்கு?" என்றார் பொங்கியண்ணன். அதையும் கழற்றினோம்.

நாச்சிமுத்து குனிந்து உள்ளே பார்த்தான். "மாமா, இந்தப் பிரேக்கு?"

பொங்கியண்ணன் வெற்றிலையை மென்றபடி வெகுநேரம் யோசித்தார். "மலையேத்தத்துல வண்டி தானா நின்னுரும். அதை நிறுத்தறதுக்குன்னு தனியா ஒரு சாமானைச் சுமந்துக்கிட்டுப் போறது வீம்பு."

அது நியாயமாகத்தான் பட்டது. அந்த வண்டியை ஓடவைக்க நாங்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. நிறுத்துவதற்கு ஒரு நாளும் சிரமப்பட்டதே இல்லை. பிரேக்கைக் கழற்றிச் சாக்கில் கட்டி வீட்டுப் பரணில் போட்டோம். இறங்கும்போது என்ன செய்வது என்று எனக்கு ஒரு சந்தேகம் எட்டிப் பார்த்தது. வீட்டுக்குப் போய்ப் போர்த்திப் படுத்துவிட்டேன். காலையில் சரியாகப் போய்விட்டது.

மூச்சுக்குழாய்க்கு நீளமாக ஒரு பிளாஸ்டிக் குழாய் வாங்கி வந்தோம். எஞ்சின்மேல் பொருத்தப் போகும்போது பொங்கியண்ணன் தடுத்தார்.

"இரு இரு. ஓடைத் தண்ணியில எஞ்சினுக்கே மூச்சு முட்டும்னா, உள்ள உட்கார்ந்திருக்கற மனுசனுக்கு முட்டாதா?"

எங்களுக்கு உடம்பு சிலிர்த்தது. மெக்கானிக் இரும்பைப் பற்றி மட்டும் கவலைப்பட்டிருக்கிறார், பாவி. நாங்கள் நாலு பேர், எஞ்சின் ஒன்று, ஆக மூச்சு விடுகிறவர்கள் ஐந்து. ஆனால் குழாயை அறுத்தால் நாலு துண்டுதான் சரியாக வந்தது.

"எஞ்சின் இருபது வருசமா மூச்சு விட்டுப் பழகினது. சமாளிச்சுக்கும்" என்று நான் தீர்ப்புச் சொன்னேன். நாலு துண்டையும் கூரையில் ஓட்டை போட்டு, ஆளுக்கொன்றாக அவரவர் வாய்க்கு நேரே இறக்கிவிட்டோம்.

வின்ச் என்பது கயிற்றைச் சுற்றி இழுக்கிற உருளை. கிணற்றுக்குத் தூர் எடுக்கிறவர்களிடமிருந்து கையால் சுற்றுகிற வின்ச் ஒன்றை வாங்கி வண்டியின் மூக்கில் மாட்டினோம். ஆனால் மெக்கானிக் நல்ல மரமாகப் பார்த்துக் கட்டச் சொல்லியிருந்தாரே, அது எங்களை உறுத்திக்கொண்டே இருந்தது. மலையில் எத்தனையோ மரம் இருக்கலாம். நல்ல மரமா என்று யாருக்குத் தெரியும்? முன்பின் பழக்கமில்லாத மரத்தை நம்பி ஒரு கல்யாண காரியத்தில் இறங்க முடியுமா?

"நம்ம வீட்டு வேப்பமரம் நல்ல மரம். எங்க அப்பன் வச்சது" என்றான் நாச்சிமுத்து.

அதை வெட்டி வண்டியில் ஏற்றினோம். பாதி மரம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தது. பிரேக்கைக் கழற்றியதில் குறைந்த பாரத்துக்கு இது சரியாகப் போயிற்று.

முகூர்த்தநாள் காலையில் புறப்பட்டோம். சொந்தபந்தம் எல்லாம் சீர்த்தட்டோடு கிளம்பி வந்திருந்தது. வண்டியில் மரம் இருந்ததால் மற்றவர்களுக்கு இடமில்லை. நாங்கள் நாலு பேர் மட்டும் முன்னால் நெருக்கியடித்து உட்கார, மற்றவர்கள் பின்னால் நடந்து வந்தார்கள். சில இடங்களில் முன்னாலும் நடந்தார்கள்.

தடம் தொடங்கும் இடத்தில் வண்டியை நிறுத்திக் காற்றை இறக்கினோம். பாதிக் காற்று என்றால் கணக்குச் சுலபம். நாலு டயரில் ரெண்டு. எந்த ரெண்டு என்பதுதான் பிரச்சனை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மலை. சாய்வதானால் மலைப்பக்கம் சாயட்டும் என்று வலப்பக்க டயர் ரெண்டையும் காலி செய்தோம். அன்றைக்கு நாங்கள் எடுத்த முடிவுகளில் புத்திசாலித்தனமானது இது ஒன்றுதான். எப்படி வந்தது என்று தெரியவில்லை.

இறக்கிய காற்றை வீணாக்கலாமா? மேலே போய் அடிக்க வேண்டுமே. உரச்சாக்குகளில் பிடித்து வாயை இறுக்கிக் கட்டினோம். நாச்சிமுத்துவின் சித்தி ராமாத்தாள் தலையில் ரெண்டு சாக்கை ஏற்றிவிட்டோம்.

"ஏஞ்சாமி, கனமே தெரியலையே?" என்றார் அவர்.

"நல்ல காத்து சித்தி, அப்படித்தான் இருக்கும்" என்றேன்.

ஓடை வந்தது. நாலு பேரும் குழாயை வாயில் கவ்விக்கொண்டோம். பொங்கியண்ணன் கண்ணை மூடிச் சாமியை நினைத்து வண்டியை இறக்கினார். நடு ஓடையில் எஞ்சின் ரெண்டு தடவை விக்கி நின்றுபோனது. நாங்கள் அசையவில்லை. குழாய் வழியாக நிதானமாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். கரையிலிருந்து ராமாத்தாள் சித்தி ஏதோ கத்தினார். பதில் சொல்ல வேண்டுமென்றால் குழாயை எடுக்க வேண்டும். எடுத்தால் உயிர் போய்விடும். கடைசியில் அவரே சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடையில் இறங்கி வந்து நாச்சிமுத்து வாயிலிருந்து குழாயைப் பிடுங்கினார்.

"முட்டியளவு தண்ணியில எதுக்குடா ஊதுகுழலு?"

கீழே பார்த்தோம். தண்ணீர் வண்டியின் படிக்கட்டைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. இருந்தாலும் குழாய் இருந்ததால்தான் பிழைத்தோம் என்பது வேலப்பனுடைய கருத்து. இன்றுவரை அவன் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

சொந்தக்காரர்கள் கூடி வண்டியைத் தள்ளிக் கரையேற்றினார்கள். அங்கே தொடங்கியது செங்குத்தான ஏற்றம். எஞ்சின் மறுபடி உயிர் பெறவே இல்லை. தள்ளிப் பார்த்தோம். ஒரு முழம் ஏறி ரெண்டு முழம் இறங்கியது. பெரிய பெரிய கல்லாகப் பார்த்துச் சக்கரத்துக்கு அண்டக் கொடுத்தோம்.

"வின்ச்சு எதுக்கு இருக்குது?" என்று முழங்கினார் பொங்கியண்ணன்.

கயிற்றை வண்டியின் மூக்கிலிருந்து இழுத்து, கூரைமேல் கொண்டுபோய், பின்னால் ஏற்றியிருந்த எங்கள் வேப்பமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினோம். நானும் வேலப்பனும் கைப்பிடியைச் சுற்றினோம். கயிறு முறுக்கேறியது. கூரை நசுங்கியது. வேப்பமரம் ஓரடி முன்னால் வந்தது. வண்டி அசையவில்லை.

"கயிறு நல்லாத்தான் இழுக்குது. மரமும் நல்ல மரந்தான். வண்டிக்குத்தான் மனசில்லை" என்றான் வேலப்பன்.

நாச்சிமுத்து ஒரு பாறையில் உட்கார்ந்துவிட்டான். பட்டுவேட்டியெல்லாம் சேறு. மேலே தேன்பாறை ஓட்டு வீடுகள் தெரிந்தன. ஒரு வீட்டு வாசலில் கோலம்கூடத் தெரிந்த மாதிரி இருந்தது.

"பொழுது சாஞ்சா முகூர்த்தநாள் போச்சு. அவளும் போச்சு" என்றான். "அவ அன்னைக்கு எனக்குத் தண்ணி குடுத்தப்போ கூடவே ஒரு வெல்லத் துண்டும் குடுத்தா மாமா. ஏறி வந்திருக்கீங்க, களைப்பா இருக்கும்னு சொன்னா. என்னை இதுவரைக்கும் யாரும் அப்படிக் கேட்டதில்லை."

அவன் அப்படி உட்கார்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்க என்னால் முடியவில்லை. மறுபடியும் யோசித்தேன். எனக்கு யோசனை வரும்போது யாராவது பிடித்துக் கட்டிப் போட்டிருக்க வேண்டும்.

"மெக்கானிக் என்ன சொன்னாரு? பாரத்தைக் குறைக்கச் சொன்னாரு. நாம சரியாக் குறைக்கலை. இன்னும் குறைப்போம்."

ஸ்பேனரால் கதவு ரெண்டையும் கழற்றினோம், சொந்தக்காரர்கள் ரெண்டு பேர் ஆளுக்கொன்றாகத் தலையில் வைத்துக்கொண்டார்கள். தள்ளினோம். கொஞ்சம் ஏறியது! உற்சாகம் வந்துவிட்டது. சீட்டைக் கழற்றினோம். இன்னும் கொஞ்சம் ஏறியது. டீசலைக் கொட்டிவிட்டு டேங்க்கைக் கழற்றி வேலப்பன் தலையில் ஏற்றினோம். பேட்டரி, ரேடியேட்டர், கூரை, வின்ச் என்று ஒவ்வொன்றாகக் கழற்றக் கழற்ற வண்டி பறவை மாதிரி லேசாகிக்கொண்டே வந்தது. எஞ்சினை மூங்கில் கட்டி எட்டுப் பேர் தோளில் தூக்கினார்கள்.

"மரத்தை இறக்கிரலாமா?" என்றார் ஒருவர்.

"இறக்கினா, அப்பறம் மாட்டிக்கிட்டா வின்ச்சை எதுல கட்டறது?" என்று அதட்டினார் பொங்கியண்ணன். மரத்துக்குத் தனியாகப் பத்துப் பேர்.

கடைசியாகச் சக்கரங்களை உருட்டிவிட்டு, அடிச்சட்டத்தையும் தூக்கிக்கொண்டோம். அதற்குப் பிறகு வண்டி எங்கேயும் மாட்டிக்கொள்ளவே இல்லை. ஏற்றமாவது, பள்ளமாவது, நின்ற இடத்தில் நிற்காமல் ஏறியது. "ஜெயசீலன் கெட்டிக்காரன்யா" என்று எஞ்சின் தூக்கியவர்கள் மூச்சிரைக்கப் பாராட்டினார்கள்.

பொழுது சாய்வதற்குள் தேன்பாறை சேர்ந்தோம். மாரண்ணன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எஞ்சின் வந்து இறங்கியது. அடிச்சட்டம் வந்தது. சக்கரங்கள் உருண்டு வந்தன. மரம் வந்தது. கடைசியில் காற்று வந்தது.

"வண்டி எங்க?" என்றார் மாரண்ணன்.

"இதாங்க மாமா" என்றான் நாச்சிமுத்து. ஸ்டியரிங்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றான். "ஆணி ஒண்ணு விடாம கொண்டாந்துட்டோம். லைட்டும் கண்ணாடியும் பிரேக்கும் பின்கதவும் மட்டும் வீட்டுல இருக்குதுங்க."

மாரண்ணன் தலையில் கைவைத்துத் தரையில் உட்கார்ந்தார். "நான் பொண்ணு சுமக்கக் கூடாதுன்னு வண்டி கேட்டேன். நீங்க வண்டியையே சுமந்துக்கிட்டு வந்திருக்கீங்களே! இந்த ஊருக்கா என்ற பொண்ணைக் குடுக்கறது? முடியாது. எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுக் கீழ போங்க."

நாச்சிமுத்துவின் முகத்தை அப்போது பார்த்திருக்க வேண்டும். ஸ்டியரிங் கையிலிருந்து நழுவியது. நான் அவனைப் பார்க்கமுடியாமல் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது கோகிலவாணி வாசலுக்கு வந்தாள். எஞ்சினைப் பார்த்தாள். தோள் கன்றிச் சிவந்து நின்ற எட்டுப் பேரைப் பார்த்தாள். டேங்க்கைத் தலையிலிருந்து இறக்கத் தெரியாமல் நின்றுகொண்டிருந்த வேலப்பனைப் பார்த்தாள்.

"அப்பா, நீங்க உள்ள போங்க. எனக்கு இவங்க ஊருதான் வேணும்."

"ஏன் அம்மிணி, உனக்குப் பைத்தியமா?"

"இவங்க ஊர்ல வண்டியைக்கூட ஆம்பிளைங்கதான் தலையில தூக்கறாங்க. அங்க போனா என்ற தலைமேல ஒரு செம்புத் தண்ணிகூட ஏறாது. இந்த மாதிரி ஒரு ஊரு எனக்கு வேற எங்க கெடைக்கும்?"

மாரண்ணன் எழுந்து வேட்டியை உதறினார். "இவங்க கீழ போனா மறுபடி வழி கண்டுபிடிச்சு வரமாட்டாங்க. நாளைக்குக் காலையிலயே தாலியையும் கட்டிப்போடலாம்" என்றார்.

அப்படியே நடந்தது. நாச்சிமுத்து தாலி கட்டும்போது நாங்கள் நாலு பேரும் அழுதோம். அவனும் எங்களில் ஒருவன்தானே.

பெண்ணை அழைத்துக்கொண்டு இறங்க வேண்டும். புதுப்பெண் மாப்பிள்ளை வண்டியில்தான் போக வேண்டும், நடுவழியில் கால் தரையில் படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். வண்டியை மாட்டிப் பார்க்கலாம் என்று தொடங்கினோம். எது எங்கே இருந்தது என்று யாருக்கும் நினைவில்லை. ஆகவே கழற்றின வண்டியாகவே புறப்பட்டோம். சீட்டை மூங்கிலில் கட்டி, சொந்தக்காரர்கள் மூன்று பேரோடு நானும் தூக்கினேன். அதில் மணமக்கள் உட்கார்ந்தார்கள். நாச்சிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். பக்கத்துக்கொருவர் கதவைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தார்கள். கோகிலவாணி, காற்று அடிக்கிறது என்று கதவுக் கண்ணாடியை ஏற்றிவிட்டாள். பின்னால் எஞ்சின், அதற்குப் பின்னால் டேங்க், அதற்குப் பின்னால் மரம். வளைவு வந்தபோதெல்லாம் நாச்சிமுத்து ஸ்டியரிங்கைத் திருப்பினான். நாங்களும் திரும்பினோம்.

அடிவாரத்தில் பெட்ரோல் பங்க்கைப் பார்த்ததும் கோகிலவாணி கேட்டாள்.

"ஏனுங்க, டேங்க்ல டீசல் இருக்குதுங்களா?"

நாங்கள் திகைத்துப் போனோம். சுத்தமாகக் காலி. மலையிலிருந்து இவ்வளவு தூரம் டீசலே இல்லாமல் வந்திருக்கிறோம்! நடுவழியில் நின்றுபோயிருந்தால் பெண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்திருப்போம்? வீட்டுக்கு விளக்கேற்ற வந்தவளின் சாமர்த்தியத்தை மெச்சியபடி வரிசையாகப் பங்க்கில் நுழைந்தோம். வேலப்பன் டேங்க்கோடு முன்னால் வந்து, மூடி மேலே இருக்கும்படி மண்டியிட்டான்.

டீசல் போடுகிறவர் எங்கள் ஊர் செம்பண்ணன். போட்டு முடித்து, வண்டியைத் தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு தடவை பார்த்தார்.

"என்ன மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டார்.

"டீசல் ஒரு சொட்டு குடிக்கறதில்லை" என்றார் பொங்கியண்ணன். "ஏத்தத்துல மட்டும் ஆளுக்கு ரெண்டு சொம்பு மோர் கேக்குது."

செம்பண்ணன் மோவாயைத் தடவிக்கொண்டு, ஓரமாக நிறுத்தியிருந்த தன் பைக்கைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அந்த ஸ்பேனரைக் கொஞ்சம் குடுத்துட்டுப் போங்க" என்றார்.